நூறு கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டம்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் ஓடக் கிளம்பினால் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். பதினைந்து மணி நேரமோ இருபத்தைந்து மணி நேரமோ உடம்பையும் மாட்டியிருக்கும் பொருள்களையும் விடாமல் வேலை வாங்குகிறோம். எங்கோ ஓர் இடத்தில் இளகும். இளகியதை இறுக்கத் தெரிந்தவர் ஊர்ந்தாவது முடித்துவிடுகிறார். தெரியாதவர் நல்ல காலை வைத்துக்கொண்டே பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வலிக்கிற இடத்தில் காரணம் இருப்பது அபூர்வம். இப்போது வயிறு புரட்டுகிறது என்றால் தவறு நடந்தது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால், வெயிலில் ஏறிய ஏதோ ஓர் ஏற்றத்தில். அதனால் என்ன கோளாறு வந்தாலும் கடைசி இரண்டு மணி நேரத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்: என்ன சாப்பிட்டேன், எவ்வளவு குடித்தேன், எந்த வேகத்தில் வந்தேன், உடை நனைந்ததா, லேஸை எப்போது கட்டினேன்? பாதி விடை அங்கேயே கிடைக்கும். மீதிக்குக் கீழே பாருங்கள்.

கால் நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாம் வெறுத்துப்போகிறது

நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தாண்டியதும் வரும். பெரிய வலி எதுவும் இல்லை. ஆனாலும் இது எனக்கு எதற்கு என்று தோன்றும். முன்னால் போகிறவரின் ஊன்றுகோல் கல்லில் படும் சத்தம்கூட எரிச்சலாக இருக்கும்.

இதை மனப் பிரச்சினை என்று நினைத்துப் பலர் தன்னம்பிக்கை வசனங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் இது சாப்பாட்டுப் பிரச்சினை. தசையிலும் ஈரலிலும் உடம்பு சேர்த்துவைத்திருக்கும் சர்க்கரை இருப்பான கிளைக்கோஜன் ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். கணக்குப் போட்டால் 2000 கலோரி சுற்றுவட்டம். அரை நாள் ஓட்டத்துக்கே அது காணாது. கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாக. சர்க்கரை இறங்கும்போது மூளைதான் முதலில் முணுமுணுக்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு ஜெல்லோ (சின்னப் பொட்டலத்தில் வரும் சர்க்கரைக் கூழ்) ஒரு பழுத்த வாழைப்பழமோ, அதாவது 25 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. இரண்டு வாய் தண்ணீர். பதினைந்து நிமிடம் நடை. மனசு தெளிந்துவிட்டால் காரணம் பசிதான். அதற்குப் பிறகு மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தை விடாமல் பிடியுங்கள். குடலைப் பழக்கியவர்கள் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்து 90 கிராம்வரை போகலாம். இரண்டும் குடலில் வேறுவேறு வாசல் வழியாக உள்ளே போவதால்தான் அது முடிகிறது. கைக்கடிகாரத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். பசித்தால் சாப்பிடலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

58-வது கிலோமீட்டரில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, "நிறுத்திவிட்டேன், வந்து அழைத்துப்போ" என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டிய செய்தியை மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்தவர் உப்பு தொட்ட அவித்த உருளைக்கிழங்கில் பாதியைக் கையில் திணித்துவிட்டுப் போனார். ஒரு கிலோமீட்டர் கழித்து அந்தச் செய்தியே நினைவில் இல்லை. விலகுவதைப் பற்றிச் சாப்பிட்ட பிறகுதான் யோசிப்பேன் என்று அன்று வைத்த விதியை இதுவரை மீறவில்லை.

வயிறு மூடிக்கொண்டது

நல்ல ஓட்டக்காரர்களைப் பாதியில் நிறுத்துவதில் வயிற்றுக்குப் பெரிய பங்கு உண்டு. "குமட்டுகிறது" என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு கதைகள் ஓடலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுக்கும்.

முதல் கதை, சூடும் வேகமும். ஏற்றத்தில் முட்டிக்கொண்டு போகும்போது ரத்தம் தசைக்கும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் போய்விடுகிறது. குடலுக்கு மிச்சம் மீதிதான். உள்ளே போட்டது அப்படியே நிற்கும். வெயிலில் ஏறும்போது குமட்டல் கூடி, நிழலில் நடந்தால் குறைகிறதா? அப்படியானால் இதுதான். சாப்பாட்டை இருபது நிமிடம் விடுங்கள். நடந்தே போங்கள். பிடரியிலும் தலையிலும் தண்ணீர் ஊற்றுங்கள். வழியில் தண்ணீரும் சாப்பாடும் தரும் உதவி நிலையத்தில் ஐஸ் கிடைத்தால் தொப்பிக்குள் வையுங்கள். உடம்பு ஆறினால் வயிறு தானாகத் திறக்கும்.

இரண்டாவது கதை, செறிவு. ஜெல்லுக்கு மேல் ஜெல், அதற்கு மேல் இனிப்புப் பானம். வயிற்றுக்குள் பாகு மாதிரி நிற்கும். ஓடினால் களுக் களுக் என்று சத்தம் கேட்கும். இதற்கு வெறும் தண்ணீர் மட்டும். அரை மணி நேரம் இனிப்பையே தொடாதீர்கள். அப்புறம் உப்புச் சூப்பில் தொடங்கி, காய்ந்த பிஸ்கட்டுக்குப் போகலாம். வாய் இனிப்பை வெறுக்கத் தொடங்கும் நேரம் எல்லோருக்கும் வரும். அதற்கென்றே பையில் உப்பான பொருள் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

மூன்றாவது கதை, அளவுக்கு மீறிக் குடித்த தண்ணீர். அது ஆபத்தானது என்பதால் அடுத்த தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறேன்.

வாந்தி வந்துவிட்டால் பதற வேண்டாம். பல சமயம் அதுவே வயிற்றைக் காலி செய்து சரியாக்கிவிடும். வாயைக் கொப்பளித்து, பத்து நிமிடம் பொறுத்து, ஒரு வாய் தண்ணீர். அது தங்கினால் இன்னொரு வாய். மணிக்கணக்கில் தண்ணீர்கூடத் தங்கவில்லை, அல்லது வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ தெரிகிறது என்றால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. மருத்துவக் குழுவிடம் போங்கள்.

வயிறு சரியில்லாதபோது இபுபுரூஃபன் வகை வலிமாத்திரை போடவே கூடாது. உண்மையில் இந்த ஓட்டங்களில் எப்போதுமே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். வயிற்றுச் சுவரையும் விடாது.

மோதிரம் இறுகுகிறது, தலை வலிக்கிறது

கை விரல் வீங்குவது மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கையைத் தொங்கவிட்டே பல மணி நேரம் ஓடினால், பையின் தோள்பட்டி இறுக்கினால், வீங்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கி விரல்களை மடக்கி நீட்டுங்கள், பட்டியைத் தளர்த்துங்கள். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

ஆனால் வீக்கத்தோடு தலைவலி, குமட்டல், வயிறு உப்பல், நினைவுக் குழப்பம் சேர்ந்தால் கதை வேறு. கடைசி சில மணி நேரத்தில் தாகம் இல்லாமலே புட்டி புட்டியாகக் குடித்தீர்களா? அப்படியென்றால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருக்கலாம். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனால் மருத்துவர்கள் அதை ஹைப்போநட்ரீமியா என்கிறார்கள். முற்றினால் மூளை வீங்கும், ஓட்டக்காரர்கள் இறந்திருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. அது வெறும் 42 கிலோமீட்டர்.

இதில் பொறி என்னவென்றால், நீர் வற்றியவருக்கும் குமட்டும், தலை சுற்றும். பக்கத்தில் இருப்பவர் நல்ல மனசோடு "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்பார். நீர் வற்றியவருக்கு எடை குறைந்திருக்கும், வாய் ஒட்டும், தாகம் எடுக்கும். நீர் மிஞ்சியவருக்கு எடை கூடியிருக்கும் அல்லது குறையாமலே இருக்கும். சாதாரணமாக ஓடி முடிக்கும்போது இரண்டு மூன்று விழுக்காடு எடை குறைவதுதான் இயல்பு. சந்தேகம் வந்தால் குடிப்பதை நிறுத்துங்கள், உப்பான திடப் பொருள் ஏதாவது கடியுங்கள், மருத்துவக் குழுவிடம் போங்கள். குழப்பமோ வலிப்போ வந்தவருக்குத் தேவை செறிந்த உப்புக் கரைசல். அது அவர்களிடம்தான் இருக்கும். உப்பு மாத்திரை போட்டுக்கொண்டே எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்ற நம்பிக்கை தவறு. தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

பாதத்தில் ஒரு இடம் சுடுகிறது

கொப்புளம் வருவதற்கு முன் அந்த இடம் சுடும். பலர் அந்தச் சூட்டை அடுத்த நிலையம்வரை பொறுத்துக்கொள்கிறார்கள். எட்டுக் கிலோமீட்டர் கழித்துக் காலணியைக் கழற்றும்போது அது நீர் கோத்த பையாகியிருக்கும். சுட்டவுடன் நில்லுங்கள். மூன்று நிமிடம்தான் போகும்.

உட்கார்ந்து காலணியைக் கழற்றித் தலைகீழாகத் தட்டுங்கள். சாக்ஸையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டித் தட்டுங்கள். ஒருமுறை விரல் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு மணல் துகள், சாக்ஸின் தையல் மடிப்பில் சிக்கியிருந்ததை விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியவே இல்லை. காலைத் துடைத்துக் காயவிட்டு, சுடும் இடத்தில் மருத்துவக் காகித டேப்பைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். டேப்பின் மூலைகளை வட்டமாக வெட்டினால் சாக்ஸில் மாட்டி உரியாது.

கொப்புளமே வந்து, அழுத்தினால் வலிக்கிறது என்றால் வடித்துவிடலாம். இடத்தையும் ஊசியையும் கிருமிநாசினியால் துடையுங்கள். அடிப்பக்க ஓரத்தில் இரண்டு மூன்று துளை. நீரை அழுத்தி எடுங்கள், மேல்தோலை மட்டும் பிய்க்காதீர்கள். அதுதான் இயற்கையான பிளாஸ்திரி. உள்ளே ரத்தம் நிறைந்திருந்தால் குத்தாமல் விட்டுவிடுங்கள்.

இப்போது காரணத்துக்கு வருவோம். குதிகாலில் கொப்புளம் என்றால் ஏற்றத்தில் குதிகால் எழும்பி எழும்பித் தேய்கிறது. காலணியின் கடைசி ஓட்டையில் லேஸைக் கோத்து வளையம்போட்டு இறுக்குங்கள். பெருவிரல் நகம் வலிக்கிறது என்றால் இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்குகிறது. அதற்கும் மேல்பக்க லேஸ்தான் மருந்து. நகத்தை ஒட்ட வெட்டாமல் வந்ததும் காரணமாக இருக்கலாம். அதற்கு இப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இறக்கத்தில் தொடை கேட்கவில்லை

ஏற்றம்தான் காலைத் தின்கிறது என்று தோன்றும். தொடையை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது; இழைகள் கிழிவது அப்போதுதான். முதல் முப்பது கிலோமீட்டரில் உற்சாகமாகத் தாவி இறங்கியதற்கு எழுபதாவது கிலோமீட்டரில் பில் வரும். வந்த பிறகு முழுத் தீர்வு கிடையாது. சின்ன அடிகளாக வையுங்கள், ஊன்றுகோலில் பாரத்தைக் கொடுங்கள், படிகளில் பக்கவாட்டில் இறங்குங்கள்.

தசைப்பிடிப்பு வேறு. பிடித்த தசையை நீட்டிப் பிடித்து, வேகத்தைக் குறைத்தால் விடும். உப்பு போதவில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். பழகாத வேகத்தில் களைத்த தசை என்பதே பெரும்பாலும் உண்மை.

கணுக்காலின் முன்பக்கம் வலித்து, விரலை வைத்துப் பாதத்தை அசைத்தால் புதுத் தோல்செருப்பு மாதிரி கிறுகிறுவென்று உணர்ந்தால், அது பாதத்தைத் தூக்கும் தசைநாணின் அழற்சி. மேலே குதிகாலுக்காக இறுக்கச் சொன்ன அதே லேஸ்தான் குற்றவாளி! வலிக்கிற இடத்துக்கு நேரான ஓட்டையில் குறுக்கே கோக்காமல் லேஸை நேராக மேலே கொண்டுபோங்கள்.

குறியைக் காணோம்

நடைபயணப் பாதையில் நடக்கும் போட்டியில் இரண்டு வகைக் குறிகள் இருக்கும். மரத்திலும் பாறையிலும் பெயின்ட் அடித்த நிரந்தரக் குறி பாதையுடையது. கட்டித் தொங்கும் ரிப்பன் போட்டியுடையது. பாதி தூரம் இரண்டும் ஒன்றாகவே போகும். அந்தப் பழக்கத்தில் பெயின்ட்டையே பின்தொடர்ந்து போனால், போட்டி திரும்பிய இடத்தில் நீங்கள் மட்டும் நேராகப் போவீர்கள். வழி தவறுவது ஏற்றத்தில் அல்ல, ஓடுவதற்குச் சுகமான இறக்கத்தில், பேச்சுத்துணை கிடைத்தபோது.

பத்து நிமிடமாக ரிப்பன் கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" வேண்டாம். கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்புங்கள், ஏறித்தான் போக வேண்டும் என்றாலும். ஜிபிஎக்ஸ் வழித்தடம் (போட்டிப் பாதையின் ஜிபிஎஸ் கோப்பு) கடிகாரத்திலும் ஃபோனிலும் தனித்தனியாக இருக்கட்டும். ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு, குளிரென்றால் உடம்பையொட்டிய பையில் வையுங்கள். குளிரில் லித்தியம் பேட்டரி சட்டென்று உயிரை விட்டுவிடும். உதவி தேவைப்பட்டால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. மூன்று விசில் பதிலாகக் கேட்டால் உங்களைக் கேட்டுவிட்டார்கள்.

இரவில் வருபவை

வெளிச்சம் மங்கினால்: பேட்டரி மாற்றவும் வெளிச்சம் வேண்டும். கட்டாயம் கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலில் இரண்டாவது விளக்கைச் சேர்ப்பது அதற்குத்தான். பனிமூட்டத்தில் நெற்றி விளக்கு வெள்ளைச் சுவரைத்தான் காட்டும். கழற்றி இடுப்பு உயரத்தில் கையில் பிடியுங்கள், தரை தெரியும்.

கண் சொருகினால்: இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடம்பின் கடிகாரமே தூங்கச் சொல்லும். காஃபினை அந்த நேரத்துக்காகச் சேமித்துவைத்திருந்தால் இப்போது எடுங்கள். நிலையத்தில் போர்வைக்குள் பதினைந்து, இருபது நிமிடத் தூக்கம். யாரிடமாவது எழுப்பச் சொல்லிவிட்டுப் படுங்கள். குளிர்ந்த பாதையோரத்தில் தனியாகப் படுப்பது ஆபத்து.

இல்லாதது தெரிந்தால்: மரக்கட்டை நாயாகும், புதர் கையசைக்கும். முக்காடு போட்ட ஒரு பெரியவர் பாறையில் குந்தியிருப்பதைப் பார்த்து நான் வணக்கமே சொல்லியிருக்கிறேன். தார்ப்பாய் மூடிய தண்ணீர்க் கேன். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த நிலையில் வழி பிரியும் இடத்தில் தனியாக முடிவெடுக்காதீர்கள். அடுத்தவர் வரும்வரை நில்லுங்கள்.

பார்வை பால் போல் மங்கினால்: வலியில்லாமல், கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கியிருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தினால் சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் ஒரு நாளில் தெளியும். பாதையில் இதற்கு மருந்தில்லை. இறக்கத்தில் கால் வைக்கும் இடம் தெரியாவிட்டால் தொடர வேண்டாம். வலியோ சிவப்போ இருந்தால், காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால், வேறு காரணம் தேட வேண்டும்.

ஜிப்பைப் பூட்ட முடியவில்லை

விரல் கேட்கவில்லை, கால் இடறுகிறது, பேச்சு குழறுகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. குளிர் உள்ளே இறங்கிவிட்டது. தப்பு நடந்தது முந்தைய நிலையத்தில்: வியர்வையில் நனைந்த சட்டையோடு, "ஓடினால் சூடாகிவிடும்" என்று கிளம்பியபோது. களைத்த பிறகு ஓட்டம் நடையாகிவிடும். நடை போதுமான சூட்டைத் தராது.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் உயரமான பகுதியில் ஆலங்கட்டியும் உறைமழையும் பலத்த காற்றும் சேர்ந்து அடித்தன. 21 பேர் இறந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலாடை அங்கே கட்டாயப் பட்டியலில் இல்லை. உங்கள் போட்டியின் பட்டியல் என்ன சொன்னாலும் அதைப் பையில் வையுங்கள். மலைமுகட்டுக்கு ஏறுவதற்கு முன்பே, விரல் வேலை செய்யும்போதே போடுங்கள்.

ஈர உடையைக் கழற்றுங்கள். உயிர்காப்புப் படலத்தை (உடல் சூட்டைக் காக்கும் மெல்லிய பளபளப்புப் போர்வை) மேலாடைக்கு வெளியே போர்த்தினால் காற்று பிய்த்துக்கொண்டு போகும், உள்ளே சுற்றிக்கொள்ளுங்கள். இனிப்பாக ஏதாவது சாப்பிட்டு, நடக்க முடிந்தால் கீழ்நோக்கி நடந்துகொண்டே இருங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று உளறத் தொடங்கினால் அது தேறிய அறிகுறி இல்லை, அவசர நிலை. படுக்கவைத்து, தரையிலிருந்து குளிர் ஏறாமல் அடியில் எதையாவது போட்டு, உதவிக்குச் சொல்லுங்கள்.

வெயிலில் உளறுகிறார்

தள்ளாட்டம், உளறல், சம்பந்தமில்லாத கோபம், உடம்பு கொதிக்கிறது. உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். வியர்க்கிறதே, அதனால் வெப்பத்தாக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். ஓடி வரும் வெப்பத்தாக்கில் வியர்வை தொடரும். குளிர்விப்பது முதலில், மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அப்புறம். ஓடையோ தொட்டியோ இருந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு கழுத்துவரை தண்ணீரில் இருத்துங்கள். இல்லாவிட்டால் ஈரத்துணியைப் போட்டு விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கால் ஓடுகிறது, கட்-ஆஃப் நெருங்குகிறது

கட்-ஆஃப் என்றால் ஒரு நிலையத்தைத் தாண்டக் கொடுத்திருக்கும் கடைசி நேரம். கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு மலையில் ஏமாற்றும். நூறு மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆல்ப்ஸில் மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஓடும் யுடிஎம்பி ஓட்டம் சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 10,000 மீட்டர். உழைப்பில் அது 270. உங்களுக்கு: முதல் 50 கிலோமீட்டர், 2500 மீட்டர் ஏற்றம், 10 மணி நேரம் ஆனது என்றால் மணிக்கு 7.5. அடுத்த நிலையம் 12 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம் என்றால் 20; அதாவது 2 மணி 40 நிமிடம். இருட்டிவிட்டால் இன்னும் கூடும்.

கணக்கு இடிக்கிறதா? வேகத்தைக் கூட்டுவதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். பத்து நிலையம், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே போயிருக்கிறது. அடுத்த நிலையத்தில் செய்ய வேண்டியதை வரும் வழியிலேயே சொல்லிக்கொண்டு வாருங்கள்: தண்ணீர், சூப், டேப். கையில் சாப்பாட்டோடு நடந்துகொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

முடித்த பிறகு சிறுநீர் கறுக்கிறது

மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் நீர் வற்றியிருக்கிறது. குடித்துச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் வெளுக்கும். கோலா நிறத்தில், கறுந்தேநீர் நிறத்தில் வந்தால் உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கிறது. பதக்கத்தைக் கழற்றக்கூட வேண்டாம், அப்படியே மருத்துவரிடம் போங்கள். எத்தனை மணி நேரம் ஓடினீர்கள், வலிமாத்திரை போட்டீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.